மேடத்தின் பாங்கு

எங்கள் புவியியல் துறையின் இணையப் பாடப் பக்கம் ஒன்றில் இன்னும் ஒரு அறிவித்தல் இருக்கிறது. சிவப்பு எழுத்து. "இந்த ஒலிப்பதிவின் நடுவில் மஃரிப் பாங்கு வருகிறது. நோன்பு காலத்தில் தயவுசெய்து காதில் மாட்டிக் கேட்கவும்." உலகத்தில் வேறெந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப் பக்கத்திலும் இப்படியொரு எச்சரிக்கை இருக்காது என்று நினைக்கிறேன். எழுதியவர் என் மூத்த சக விரிவுரையாளர். வயதில் எனக்கு லாத்தா, அக்கா முறை. ஆனால் துறையில் எல்லோருக்கும் போல எனக்கும் அவர் மேடம்தான். அவர் மௌத்தாகி இறைவனிடம் சேர்ந்துவிட்டார். அறிவித்தல் மட்டும் அப்படியே நிற்கிறது. கொஞ்ச நாளாக அந்தப் பக்கத்தைத் திறப்பதும் பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

பாடங்களை இணையத்தில் ஏற்றச் சொன்ன காலத்தில் நாங்கள் எல்லோரும் அதை ஒரு ஸ்டோர் அறையாகத்தான் பாவித்தோம். கையில் கிடைத்த குறிப்புகள், ஸ்கேன் பண்ணிய பக்கங்கள், பழைய வினாத்தாள்கள், எல்லாவற்றையும் தலைப்புக்கூட இல்லாமல் கொட்டிவைத்தோம். மேடம் என் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. "தங்கச்சி, இது என்ன, வீடு மாறுற நாள் மாதிரி கிடக்கு? புள்ள வந்தா எங்கெ இரிக்கிறதெண்டு தெரியணும்." அவருடைய பக்கத்தில் ஒவ்வொரு கிழமைக்கும், வாரத்துக்கு ஒன்றாக, ஒரு தலைப்பு. தலைப்பின் கீழே முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "போன கிழமை எங்க விட்டம்?" வகுப்பிலும் அப்படித்தான் தொடங்குவார். யாராவது ஒரு பிள்ளை பதில் சொல்லும்வரை சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். பதில் வராமல் பாடம் ஒரு அடி நகராது.

ஊரடங்கு வந்தபோது வகுப்பெல்லாம் வீட்டுக்குப் போயின. சம்மாந்துறையில் அவருடைய வீட்டின் பின் அறையில் இருந்து பேசிப் பதிவுசெய்து ஏற்றினார். எதிரில் யாரும் இல்லாத அறையிலும் "எங்க விட்டம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம்விட்டுக் காத்திருப்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பின்வளவுக்கு அடுத்து பள்ளிவாசல். பேசிக்கொண்டிருக்கும்போது தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். பதிவை அல்ல, பேச்சை. பாங்கு முழுதும் பதிவாகும். அது முடிந்ததும் மறுபடி பாடம்.

அப்படி ஒரு பதிவை மருதமுனைப் பிள்ளை ஒருத்தி நோன்பு நாளில் பொழுது சாயும் நேரம் ஜன்னலோரம் ஃபோனை வைத்துக் கேட்டிருக்கிறாள். மழை இருட்டு வேறு. சமவுயரக் கோடு பற்றிய பாடத்தின் நடுவில் நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு சொல்ல, குசினியில் கஞ்சிக் கோப்பைகளுடன் காத்திருந்த உம்மா பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார். வீடே நோன்பு திறந்துவிட்டது. எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது ஊர்ப் பள்ளிவாசலில் உண்மையான பாங்கு சொன்னது. அன்றிரவு பாடப் பக்கத்தில், சந்தேகங்கள் கேட்கும் இடத்தில், அந்தப் பிள்ளை எழுதியது: "மேடம், உங்கட பாங்கால எங்கட வீட்டில எல்லாருக்கும் நோன்பு போயிட்டு."

நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஃபோன் கோல் எடுத்து உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். பெருநாள் கழிந்து அவர்கள் அந்த நோன்புக்கு ஈடாகக் கழா நோன்பு பிடித்த நாளில் தானும் ஒரு நோன்பு பிடித்தார். அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. "பாங்கு வார துண்ட வெட்டிட்டா முடிஞ்சிதானே மேடம், நான் வெட்டித் தாறன்" என்றேன். "பாங்க வெட்டுறதா? நல்லாக் கதைக்கிறாய் நீ" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பல்கலைக்கழகம் மறுபடி திறந்து, வகுப்பறைக்கு நாங்கள் பழகி வந்த காலத்தில் அவருக்கு நோய் வந்தது. நீண்ட நோய் அல்ல. லீவு போடும்போது அந்தக் கல்வித் தவணையின் பாடங்களை முழுதாக ஏற்றி, எந்தக் கிழமை எது திறக்கவேண்டும் என்று திகதியும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஜனாஸா அன்று ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்தோம். நான் குசினியில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இருந்த மாணவிகளின் ஃபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமிட்டன. புதிய பாடம் திறந்திருக்கிறது என்ற தகவல், மேடத்தின் பெயரில். ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் கோப்பை கழுவிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல வேலைக்குப் போய்வந்தேன்.

பாடம் என் கைக்கு வந்தது. அவருடைய பதிவுகளையே வைத்துக்கொண்டு நடத்தினேன். மேடத்தின் கணவர் நெல் வியாபாரி, அதிகம் பேசாதவர். கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். "தங்கச்சி, அவட பாடத்த புள்ளைகள் கேக்கிறாங்களா?" நான் "ஓம் நானா" என்பேன். "கேக்கட்டும். கேக்கிறவரைக்கும் அவக்கு நன்மை போய்ச்சேரும்" என்பார். மௌத்தானவருக்குத் தொடர்ந்து நன்மை தரும் காரியங்களில் பயனுள்ள கல்வியும் ஒன்று என்று சிறுவயதில் மதரஸாவில் படித்திருக்கிறோம். எனக்கு அது மனனம் செய்த பாடம். அவருக்கோ மனைவிக்கு இன்னமும் செய்யக்கூடியதாக மிஞ்சியிருக்கும் ஒரே காரியம்.

இந்த வருடம் பாடத்திட்டம் மாறிவிட்டது. கையால் சமவுயரக் கோடு வரைவது போய், கணினியே வரைந்து தருகிறது. புதிய பக்கம் தொடங்கியாயிற்று. பழையதை மறைத்துவிடும்படி துறைக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். நியாயமான முடிவு, நானும் தலையாட்டினேன். பாடப் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் கண்ணின் குறுக்கே ஒரு கோடு விழும், அந்தப் பக்கம் மாணவர்களுக்குத் தெரியாமல் போகும். அவ்வளவுதான் வேலை.

போன கிழமை சந்தையில் மேடத்தின் கணவர் வழக்கம்போலக் கேட்டார். நானும் வாய்ப் பழக்கத்தில் "ஓம் நானா" என்றேன். துறைக்கு வந்து பார்த்தேன். யார் யார் திறந்தார்கள் என்பதைப் பக்கமே காட்டும். இந்தத் தவணையில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, சோதனைக்கு வராததை எவன் கேட்பான்? ஆனால் அந்த மனிதரின் முகம் கண்ணுக்குள் நின்றது. கண் படத்துக்கு மேலே விரலை வைத்தேன், எடுத்தேன். பிறகு பாங்கு வரும் அந்தப் பதிவை நானே திறந்தேன்.

சிவப்பு எழுத்து முன்னாலேயே இருந்தது. இருந்தும் நான் காதில் எதையும் மாட்டவில்லை. மேடத்தின் குரல் அறைக்குள் வந்தது. "எங்கட பக்கத்தில ஏது மலை? வயலப் பாருங்க. தண்ணி கட்டினா ஒரே மட்டத்தில நிக்கும். அந்தத் தண்ணிட ஓரம்தான் சமவுயரக் கோடு. அதத்தான் வயல் வரம்பு வளைஞ்சி வளைஞ்சி..." அந்த இடத்தில் பாங்கு தொடங்கியது.

பக்கத்து அறையில் இருந்த அலுவலக உதவியாளர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே கதவருகில் வந்தார். மேடத்துக்கு நெடுங்காலம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவர். "என்ன மிஸ், அஸர் தொழுகைக்கு வெள்ளனவே பாங்கு சொல்றாங்க?"

"இல்ல. இது மேடத்திட பாங்கு."

அவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றாமல் அப்படியே நின்றார். நான் சத்தத்தைக் கூட்டினேன். பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், மிக மெல்ல, மேடம் அதைத் திருப்பிச் சொல்லிப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தது கேட்டது. இத்தனை நாள் அதை நான் கவனித்ததே இல்லை. அந்த இடத்தை வெட்டித் தருகிறேன் என்றுதான் சொன்னேன்.

பாங்கு முடிந்தது. துஆ ஓதும் முணுமுணுப்பு. அவர் இருந்த கதிரை நகரும் சத்தம். பிறகு மேடம் கேட்டார்.

"ம், எங்க விட்டம்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். உதவியாளர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லாமல் மேடம் தொடங்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"வரம்பில, மேடம்" என்றேன்.