இடது மேல் மூலையில் ஆறு விளக்குகள்

ஒரு பொருள் சரியில்லை என்றால், பலராமனைப் பொறுத்தவரை அந்தப் பொருள்தான் சரியில்லை. திருவண்ணாமலையில் இருபது வருஷம் டி.வி. ரிப்பேர் செய்த மனிதர். உங்கள்மேல் தப்பு இருக்குமோ என்று அவரிடம் கேட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேங்கிக்காலில் ஒரு சின்ன கண் மருத்துவமனையில் கண் பரிசோதிப்பது என் வேலை. எங்கள் டாக்டர் அருணாதேவிக்கு ஓயாத கவலை, கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். ஒரு கண் விட்டதை இன்னொன்று ஈடுகட்டுவதால் ஆளுக்கே தெரியாது. அதை ஆரம்பத்திலேயே பிடிக்க, ஊர் ஊராகத் தூக்கிப்போகிற கருவி ஒன்று செய்துதரச் சொல்லி பலராமனைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் செய்தது ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். உள்ளே ஐம்பத்திரண்டு பொடி விளக்குகள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத இடத்தில் பார்வை போயிருக்கிறது என்று அர்த்தம். தினமும் சாயங்காலம் தன் வலது கண்ணை வைத்து அவரே சரிபார்ப்பார். இடது மேல் மூலையில் ஆறு விளக்குகள் மட்டும் அவருக்கு மங்கலாகவே தெரிந்தன. மட்டமான சரக்கு என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு மாற்றினார். மறுபடியும் மங்கல். கடைசியில் அந்த ஆறுக்கு மட்டும் கரண்டைக் கூட்டி வைத்தார்.

"இப்ப பாரு சிந்துஜா, எல்லாம் ஒரே சீரா எரியுது."

உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மண்டு மாதிரி நானும் தலையாட்டினேன்.

கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுநர்களுக்கு முகாம் போட்டோம். டாக்டர் அன்று வரவில்லை. முப்பத்தொரு பேருக்கும் 'பார்வை சரி' என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். ஒருவருக்குக்கூடவா குறையில்லை என்று பட்டியலைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

"நல்ல சேதிக்கும் மூஞ்சியத் தூக்கறியே" என்றார் பலராமன்.

மறுவாரம் ஊழியர்களின் பார்வையையும் பதிவு செய்யச் சொன்னார் டாக்டர். முதல்முறையாக நான் கிண்ணத்துக்குள் பார்த்தேன்.

"அண்ணா, மேல அந்த ஆறு மட்டும் கண்ணு கூசுது."

"உனக்கு எல்லாமே ஜாஸ்திதான்."

டாக்டர் எழுந்து வந்து தானும் பார்த்தார். பலராமனை உட்காரவைத்து, அவர் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"விளக்குல கோளாறு இல்ல, பலராமன். உங்க வலது கண்ணுலதான் மேல்பக்கம் போயிருக்கு. போனது வராது, இருக்கறதைக் காப்பாத்தலாம்."

அவர் தன் கண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்ப அந்த முப்பத்தியொரு பேரு, மேடம்?" என்றார்.

கரண்டைக் கூட்டி வைத்ததால், அவரைப் போலவே அந்த மூலையில் பார்வை மங்கியவர்களுக்கும் அந்த ஆறு விளக்குகள் பளிச்சென்று தெரிந்திருக்கும். பாவி, நான் சீட்டும் கொடுத்துவிட்டேன்.

பட்டியலை எடுத்து போன் போட்டேன். நான்கு பேர் எடுக்கவில்லை. அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் ஏற்கெனவே ரோட்டில் இறங்கியிருந்தது. ஐந்தாவதாகப் பொன்னுசாமி எடுத்தார். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"அண்ணா, கண்ணு ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். உங்களுக்கு மறுபடியும் பாக்கணும். வண்டிய ஓரமா நிறுத்திடுங்க."

"நானே வரணும்னு இருந்தேம்மா. இடது பக்கத்துல போறவங்க திடீர்னு முளைச்சாப்ல முன்னால வந்து நிக்கறாங்க. நீதான் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டியே, அந்த தைரியத்துல ஓட்டறேன். வண்டி நெறைய ஜனம், எறக்கி விட்டுட்டு கூப்புடறேன்."

மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.