பள்ளத்துக்குத் தாய்மாமன்

எங்கள் உரக்கடைக்கு எதிரே, குச்சனூர் போகிற சாலையில் ஒரு பள்ளம் இருந்தது. சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அதில் விழுந்து எழுந்துதான் போவார்கள். சனி பகவானே எதிர்கொண்டு வந்து வரவேற்கிறார் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வாய் அப்படி.

மனுக் கொடுத்து அலுத்துப்போன டீக்கடைக் கூட்டம், அந்தப் பள்ளத்துக்கு ஒரு வயது ஆனதையொட்டிக் காதுகுத்து நடத்த முடிவு செய்தது. மேளதாளத்தோடு பேரூராட்சி அலுவலகம் வரை சீர் ஊர்வலம். எனக்கு ஆசை தாங்கவில்லை. கடைவாசலில் நின்று சிரித்துவிட்டு, யாராவது கேட்டால் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடலாம். என் வீரம் அந்த அளவுதான்.

காரணம், சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரர் என் அக்கா வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். ஏதோ ஒரு வார்த்தை சொன்னதற்காகக் கூடப்பிறந்த தம்பியையே வீட்டு வாசல் மிதிக்க விடாதவர். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

"காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும்லப்பா. யாரு மாமன்?" என்றார் பந்தல்காரர்.

"அப்பன் யாருன்னு தெரிஞ்சாத்தான மாமன் தெரியும்," என்றார் டீ மாஸ்டர்.

நான் பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம்.

"அப்பன் எங்க மச்சான்தான்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அக்கா புருஷன் அப்பன் என்றால் தாய்மாமன் யார் என்று எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஏலே, மாமன் இங்கனதான்டா உக்காந்திருக்காக," என்றார் பந்தல்காரர்.

மறுநாள் என் கடைக்கு நேர்மேலே ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். என் கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாகக் கும்பிட்டுக்கொண்டு நான். கீழே 'தாய்மாமன்'.

அதிலிருந்து புல்லட் சத்தம் கேட்டாலே உர மூட்டைக்குப் பின்னால் எனக்கு வேலை வந்துவிடும். ஊர்வலத்துக்கு முந்தின நாள் மச்சானின் புல்லட் வந்தே விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் முகம் தெரியவில்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீதான?"

"போட்டோ மட்டுந்தான் மச்சான்."

"ம்."

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஏலே, சீர்த்தட்டு தூக்கப் போறியாமே?"

"இல்லக்கா. காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு."

"மச்சான் என்ன சொன்னாக?"

"'ம்'முன்னாக."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாக. அது கெடக்கட்டும், சீர்ல பெத்தவளுக்குச் சேல உண்டுல்ல? பச்சையில எடு. அந்தப் பள்ளத்துப் புள்ள என்னைய ஸ்கூட்டியோட தள்ளி என் கைய ஒடச்சது மறந்துருமா? நானும் வாரேன்."

அக்கா வீட்டுக் கதவு மூடிவிடும் என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். இப்போது அவளே கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். பின்னாலேயே அவரும் வந்தால்?

ஜவுளிக்கடையில் பச்சைச் சேலையைப் பிரித்துக் காட்டினார்கள். தெருவில் ஒரு புல்லட் போனது.

"என்னண்ணே, சேல பிடிக்கலையா? தூணுக்குப் பின்னால போயிட்டீக," என்றார் கடைக்காரர்.

"கட்டிக் குடுங்க," என்றேன். "அப்பனுக்கும் ஒரு வேட்டி வைங்க. நல்ல வேட்டியா."