அசோகப்பட்டைச் சொட்டு

இலங்கையின் றக்வானை மலையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியனாக இருந்தபோது தபால் வழியாக ஹோமியோபதி படித்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பெண்கள் தங்கள் உடம்புக் கோளாறைத் தோட்ட டிஸ்பென்சரியில் இருந்த ஆணிடம் சொல்லமாட்டார்கள். நானும் ஆண்தான். ஆனால் நான் யாரையும் தொடுவதில்லை, கேள்வி மட்டும் கேட்பேன். அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

நான் அதிகம் கொடுத்தது அசோகப்பட்டை மருந்து. பெரும்பாடு என்னும் மிகுந்த இரத்தப்போக்குக்கு அந்தப் பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். என்னிடம் இருந்தது அதையே ஸ்பிரிட்டில் ஊறவைத்து இறக்கியது; கொழும்பிலிருந்து வரவழைப்பேன். தள்ளிப்போகும் மாதவிலக்கு, அடிவயிற்று வலி, அளவுக்கு மீறிய போக்கு, எல்லாவற்றுக்கும் அரை டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு. சிலருக்குக் குணமானது. அதனால் நான் பெரிய ஆள் ஆனேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி கொழுந்து பறிப்பவள். ஐம்பது வயதிருக்கும். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டது. கணவனோடு வந்தாள். போத்தலைத் திறந்ததும் அவன் மூக்கை நீட்டினான்.

"சார், வாசம் தூக்குதே! நமக்கு ரெண்டு சொட்டு கெடையாதா?"

"ஒனக்குக் குடுத்தா போத்தலையே முழுங்கிருவ, சும்மா இரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமாங்க சார்? நீங்க சொன்னா போயிர்றேன்" என்றாள்.

நின்றுபோனவளுக்குத் திரும்ப வந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும் என்று என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. படித்திருந்தேன்.

"அவசரமில்ல. மொதல்ல இதக் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் என் மருந்தால் ஆகவில்லை என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது என்று சொல்லியனுப்பினாள். ஒரு மழை நாளில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைக் கண்டேன். கணுக்காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"அட்டைங்க சார். இந்த மழையில எவ கால்லதான் இல்ல?"

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். "இவ மேல அட்டைக்கு அப்பிடி ஒரு ஆசைங்க சார். வெயில்லயும் வுடமாட்டேங்குது!"

நானும் சிரித்தேன். அந்த மலையில் பிறந்தவன் நான். காலில் கடிவாய் இல்லை. இரத்தம் சேலைக்குள்ளிருந்து வந்தது. என் மருந்தில் குணமாகவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்குக் கூச்சம்.

"இனிப் பதினஞ்சு சொட்டு குடிங்க" என்றேன்.

"சரிங்க சார்." ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வருடம் மலையில் மயங்கி விழுந்தாள். லொறியில் இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: கர்ப்பப்பையில் புற்றுநோய், இரத்தம் பட்டபோதே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வெளியே கணவன் காத்திருந்தான்.

"என்னாங்க சார் சொன்னாரு?"

"புத்துநோய். முத்திப்போச்சாம்" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கிடந்து செத்தாள். சவத்தைக் கிடத்தியிருந்த லயத்து வாசலில் அவன் எல்லாருக்கும் கேட்கும்படி அழுதான். "சார் மருந்துதான் அவள இவ்வளவு நாள் வச்சிருந்துச்சு. இல்லாட்டி எப்பவோ போயிருப்பா."

கூட்டம் விலகி எனக்கு ஒரு நாற்காலி போட்டது. உட்கார்ந்தேன்.