கயிற்றின் மறுமுனை

பாலம் ஆள் கேட்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். தூண் எழும்பத் தொடங்கினாலே பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடமாட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரு கல் பாலத்துக்குக் கண்டிராக்ட் எடுத்தபோது, இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. நான் கரண்டி பிடித்த கொத்தனாராக இருந்து மேலே வந்தவன். ஆள் ஏன் விழுகிறான் என்று எனக்குத் தெரியாதா?

சாரத்தில் நிற்பவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்றார் சர்க்கார் ஓவர்சியர். ஞாயிறு தவறாமல் கோயமுத்தூர் சர்ச்சுக்குப் போகிறவர், நல்லவர், என்னைப் போலவே பிடிவாதக்காரர். கயிறு வாங்கித் தருவது கண்டிராக்டர் பொறுப்பு என்றார். உத்தரவு போடுகிற சர்க்கார்தான் கயிறும் கொடுக்க வேண்டும் என்றேன் நான். கீரியும் பாம்புமாக நின்றோம். அதற்குள் மூன்றாவது தூணின் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்துவிட்டார். ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை; வெறும் பாறை. அவர் மனைவியும் அங்கேயேதான் கல் சுமந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஓவர்சியரும் நானும் முதல் முறையாகச் சண்டையில்லாமல் பேசினோம். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற வடம் போலத் தடித்த புதுக் கயிறு சர்க்கார் கிடங்கிலிருந்து வரும். கயிறு கட்டி அவிழ்க்கிற நேரத்துக்கும், கீழே அதைப் பிடித்து நிற்கிற ஆளுக்கும் நான் கூலி தருவேன். கயிறும் வந்தது. ஒரு முனை வேலைக்காரர் இடுப்பில். அங்கிருந்து தூண் உச்சியில் இறுக்கிய கட்டையைச் சுற்றி, மறுமுனை கீழே ஒருவர் கையில்.

நாங்கள் ஒத்துப்போனோம், ஆட்கள் ஒத்துப்போகவில்லை. பாலம் தன் காவை வாங்கிக்கொண்டது, இனி யாரையும் தொடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கயிற்றை அவிழ்த்து எறிந்தவன் என் மச்சினன், என் மனைவிக்கு இருக்கிற ஒரே தம்பி. வளைவுக் கல் வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நான் திட்டியபோது சிரித்தான்.

"அதுதான் ஒரு ஆளை எடுத்துப்போட்டுதுங்களே மாமா. இன்னி என்ன பயமுங்க?"

ஓங்கி அறையலாம் என்றிருந்தது. ஆனால் அவனை இறக்கினால் எல்லோரும் வேலையை நிறுத்திவிடுவார்கள். மேற்கே மலையில் மழை இறங்கிவிட்டது. வளைவை மூடும் முன் வெள்ளம் வந்தால், முட்டுக் கொடுத்த மரங்களோடு பாலமும் போய்விடும். ஓவர்சியரும் மலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கயிற்றைக் காணாதவர் போல நகர்ந்துவிட்டார். வீட்டிலோ என் மனைவி தினமும் வாசல் வரை வந்து, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவாள்.

வெள்ளிக்கிழமை காலை வளைவின் கடைசிக் கல்லை வைக்க நாள் குறித்தார்கள். இறந்தவருக்கு மூன்றாவது தூணடியில் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, பாலத்துக்குக் காவல் சாமியாக்கிவிட ஏற்பாடு. அன்று முதல் பூவை அவர் மனைவிதான் போட வேண்டும் என்று அழைத்து வந்திருந்தார்கள். மேலே என் மச்சினன் கயிறில்லாத வெறும் இடுப்போடு, இரண்டு சவுக்குக் கம்பங்களில் கால் வைத்து, கல்லுக்காகக் குனிந்தான். கம்பம் ஒன்று நெளிந்தது. அவன் சாய்ந்து, பக்கத்துக் கல்லில் கை ஊன்றி நிமிர்ந்தான். உதிர்ந்த சுண்ணாம்புக் காரை அந்த அம்மாவின் தோளில் விழுந்தது.

அந்த அம்மா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அவரு காவு போகலீங்க. காலு வழுக்கி உழுந்தாரு. கயிறு இருந்திருந்தா இன்னேரம் ஊட்டுல கஞ்சி குடிச்சிட்டு இருப்பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குங்க கண்ணு. எனக்குச் சாமி வேண்டாமுங்க. உங்க அக்காளுக்கும் வேண்டாம்."

என் மச்சினன் இறங்கினான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சிறு பிள்ளை போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். அந்த அம்மா புதுக் கயிற்றை அவன் இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சாரத்தை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். பிறகு அவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு கீழே நின்ற ஓவர்சியரிடமும் என்னிடமும் வந்தார்.

"இதை ஆருங்க புடிக்கறது?"

பழக்க தோஷம். ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அம்மா கயிற்றை நீட்டியபடியே நின்றார். பிறகு இருவரும் சேர்ந்துதான் கை நீட்டினோம்.