கழுகு கலக்கிய பால்

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளுக்குப் பேர் கழுகு. பெல்ட்டில் ஓடிவரும் சதுர பிஸ்கட்டுகளில் ஓரம் உடைந்தது, கொஞ்சம் அதிகமாகச் சிவந்தது எது வந்தாலும் அவள் ஒற்றை விரல் போய்த் தள்ளிவிடும். பன்னிரண்டு வருஷமாக அதே ஸ்டூல், அதே தொப்பி. "கழுகு உட்கார்ந்திருக்கிற பக்கம் நான் திரும்பியே பார்க்கறதில்ல" என்று சூப்பர்வைசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். ஒரு வருஷம் சுவர்க் கடிகாரம் கூடப் பரிசு கொடுத்தார்கள்.

அதே கண் அவள் மகளுக்கும் வாய்த்திருந்தது. ஏழு வயது. ஆனால் நியாயத்தைப் பாருங்கள்: அம்மாவிடம் இருந்தால் திறமை, மகளிடம் இருந்தால் திமிராம்.

குழந்தைக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு அதிகம் கிடையாது. முகத்தை நிமிர்ந்து பார்ப்பதும் கிடையாது. சாப்பாடு நாலே நாலு: ஓரம் வெட்டிய ரொட்டி, உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளைக் குவளையில் பால், அம்மா கொண்டுவரும் சதுர பிஸ்கட். வேறு எது நாக்கில் பட்டாலும் குமட்டிக்கொண்டு வரும். நடிப்பெல்லாம் இல்லை, கண்ணில் தண்ணீர் கொட்டும். இந்த நாலையும் அம்மா கையால் கொடுத்தால்தான் வாங்குவாள். அதுவும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகு. "என் வேலையைத்தானேடி நீயும் பாக்கறே" என்று கழுகு சிரித்துக்கொள்வாள்.

புருஷனின் அக்கா கீழ்வீட்டில் இருந்தாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு நாள் பட்டினி போடு, தானா தின்னும். எல்லாம் நீ குடுக்கற செல்லம்."

"இது பட்டினியாவே கிடக்கும் அண்ணி. போன வருஷம் காய்ச்சல்ல கிடந்ததைப் பாத்தீங்கல்ல?"

"நாங்கல்லாம் பிள்ளை வளக்கலையா?"

"வளத்தீங்க. இதை வளக்கலை" என்று கதவைச் சாத்தினாள் கழுகு. பஸ் ஓட்டுகிற புருஷன், "அக்கா ஏதோ ஆத்திரத்துல சொல்றாங்க" என்று முணுமுணுத்துவிட்டு டியூட்டிக்கு நழுவிவிட்டான்.

இப்படி எல்லாரோடும் மல்லுக்கு நின்றவள்தான். அப்போதுதான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தம் ரொம்பக் குறைவு. டாக்டர் ஒரு சத்துப்பொடி எழுதிக்கொடுத்தார். "தனியா ஸ்பூன்ல காட்டுங்க. தொட்டுப் பாக்கட்டும், மெல்ல பழகட்டும். பிடிச்ச சாப்பாட்டுல மட்டும் ஒளிச்சு வைக்காதீங்க. ஒரு மாசத்துல ஏறலைன்னா மூக்கு வழியா குழாய் போட வேண்டியிருக்கும்" என்றார்.

மூன்று வாரம் ஸ்பூனைக் காட்டினாள். மகள் ஸ்பூன் இருந்த பக்கமே திரும்பவில்லை. ரத்தம் எடுத்த அன்று நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, குழந்தை அலறிய அலறல் கழுகின் காதை விட்டுப் போகவில்லை. குழாய் என்றால்?

பாலில் கலந்துவிட்டாள். அரை ஸ்பூன்தான். பெரிய கழுகல்லவா, தன் கண்ணை நம்பினாள். துணியில் வடிகட்டி, கலக்காத பாலைப் பக்கத்தில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சரி, இது தேறும் என்று கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மகள் இரண்டு வாய் குடித்தாள். நிறுத்தினாள். குவளைக்குள் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவின் கண்ணுக்குள் பார்த்தாள். ஏழு வருஷமாக எந்தப் பார்வைக்காகக் கழுகு தவம் கிடந்தாளோ, அந்தப் பார்வை. அடிப்பாவி, இதற்காகவா அது வரவேண்டும்?

குவளையை எறியக்கூட இல்லை, மெதுவாகக் கீழே வைத்தாள். மறுநாள் பால் வேண்டாம். அதற்கடுத்த நாள் ரொட்டியை முகர்ந்துவிட்டு வைத்தாள். அப்புறம் உருளைக்கிழங்கும் போயிற்று. இனி தன் கையாலேயே பிரித்தால் மட்டும் தின்கிற பிஸ்கட் பாக்கெட் ஒன்றுதான் மிச்சம்.

விஷயம் தெரிந்து கீழ்வீட்டுக்காரி மேலே வந்தாள். "நானாவது மூஞ்சிக்கு நேரா பட்டினி போடச் சொன்னேன். நீ சிரிச்சுக்கிட்டே கலந்து குடுத்திருக்கே" என்றாள். கழுகு அன்று கதவைச் சாத்தவில்லை.

மாசக் கடைசியில் குழாய் போட்டார்கள். இந்த முறை ஐந்து பேர் பிடித்தார்கள். அதில் ஒருத்தி கழுகு.

மூக்கில் குழாயோடு மகள் வீட்டுக்கு வந்த நாளில், கழுகு பழைய ஞாபகத்தில் ஒரு பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். நிறம் பார்த்து, ஓரம் பார்த்து, ஒரு குறையில்லாத பிஸ்கட்டாகப் பொறுக்கி மேசையில் மகளுக்கு முன்னால் வைத்தாள்.

மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் மேசை ஓரம்வரை தள்ளினாள். பன்னிரண்டு வருஷமாகக் கழுகு பெல்ட்டில் தள்ளுகிற அதே தள்ளல். பிஸ்கட் தரையில் விழுந்து உடைந்தது. மகள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்துவந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தானே கிழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.