பூவாடைக்காரிக்கு ஒரு சேலை

என் கொள்ளுத் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து மலேயாவுக்குக் கப்பலேறி வந்தவர். ரிட்டையர் ஆன பிறகு, அங்கே விட்டுவந்த சொந்தங்களைத் தேடத் தொடங்கினேன். போன மாதம் ஒருவர் கிடைத்தார். கிள்ளானில் என் வீட்டிலிருந்து வீடியோ காலில் பேசினேன். அவருக்கும் அதே கொள்ளுத் தாத்தாதான். தாத்தாவுக்கு அங்கேயும் ஒரு மனைவி இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பூஜை அறையில் மடித்து வைத்திருந்த மஞ்சள் சேலையைக் காட்டினார்.

"இவங்கதாம்மா எங்க கொள்ளுப் பாட்டி, எங்க பூவாடைக்காரி. பல்லு போன வயசுலயும் பூவோட பொட்டோட போய்ச் சேர்ந்த மகராசி. வீட்டுல எந்தக் கல்யாணம்னாலும் முதல்ல இவங்களுக்குத்தான் சேலை வச்சுப் படைப்போம்."

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அங்க தாத்தா எப்பம்மா தவறுனாரு? சேதியே வரலியே."

என் தாத்தா தவழும் வயதிலேயே கொள்ளுத் தாத்தா காய்ச்சலில் இறந்துவிட்டார். இங்கே என் கொள்ளுப் பாட்டி இளவயதிலேயே தாலியைக் கழற்றினார். அங்கே இன்னொருவர் எதுவும் தெரியாமல், கிழவியாகும்வரை தினமும் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"தெரியலண்ணே. யாரும் சொல்லி வைக்கல," என்றேன்.

"சரிம்மா. தை மாசம் மகளுக்குக் கல்யாணம். நீயும் ஒரு சேலை அனுப்பு, சேர்த்து வச்சுப் படைக்கிறோம்."

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடையில் விற்கும் பெண் கேட்டாள்.

"வயசானவங்களுக்கா ஆன்டி? லைட் கலர் எடுக்கவா?"

"வேணாம்லா. நல்ல சிவப்பா எடு. சுமங்கலிக்கு."

அழ வேண்டிய நாளில் அழக்கூட அவருக்கு யாரும் சேதி அனுப்பவில்லை. நானும் சேலையை மட்டும்தான் அனுப்பினேன்.