படையலுக்கு வைத்த கடலை

என் மனைவியின் கருமாதிக்கு முதல்நாள் மாலை, படையலில் என்ன வைப்பது என்று எனக்கும் அவளுடைய தங்கைக்கும் வாக்குவாதம் வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுக் கந்தப்பளையில் வீடு கட்டிக் குடிவந்தபோது அதுவும் கூடவே வந்தது. குடித்தே செத்தவருக்கும் சாராயம் வைப்போம். இந்த விஷயத்தில் வைத்தியரின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை.

மைத்துனி ஹட்டனிலிருந்து வரும்போதே ஒரு பை நிறைய மரவள்ளிச் சிப்ஸ், மிக்சர், கிரீம் பிஸ்கட் என்று வாங்கி வந்திருந்தாள்.

"இதெல்லாம் என்னத்துக்கு?" என்றேன்.

"அக்காவுக்குத்தான் அத்தான்."

"டொக்டர் வேணாம்னு சொன்ன சாமானுங்க."

"இனி எந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்க?"



நான் கல்வி அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் சிப்ஸ் விற்கக் கூடாது என்ற சுற்றறிக்கையை அனுப்பியதும், பதில் போடாத அதிபர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியதும் நான்தான். மேற்பார்வைக்குப் போகும் நாளில் எல்லாச் சிற்றுண்டிச்சாலையிலும் அவித்த கடலையும் சோளமும் ஆவி பறக்க இருக்கும். சிப்ஸ் அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரியைத் திறக்கச் சொல்லிச் சுற்றறிக்கையில் இல்லாததால் நான் திறந்ததில்லை.

வீட்டில் திறந்தேன். மனைவிக்குப் பிரஷர் கூடியதிலிருந்து அடுப்படி என் பொறுப்புக்கு வந்தது. அரிசி டின்னுக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த மிக்சர் பக்கெட்டை எடுத்துக் காட்டியபோது, "நீங்க சிஐடியில சேந்திருக்கணும்" என்றாள். பக்கெட்டுகளுக்குப் பதிலாக அவித்த கொண்டைக்கடலை, சோளம், கரட் துண்டு, சுட்ட பலாக்கொட்டை என்று கொடுத்தேன். எதிலும் உப்பில்லை. தேசிக்காய்ச் சாறும் மிளகுத்தூளும் உண்டு. உப்புப் போத்தல் மேல்தட்டுக்குப் போனது. ஒரு வீட்டில் இரண்டு விதி இருந்தால் நிர்வாகம் நடக்காது என்பதால் நானும் அதையேதான் தின்றேன்.

ஒருநாள் கடலைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இத மாட்டுக்கு வச்சா அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பட்டிப்பொல பக்கம் ரயில்ல விப்பாங்களே, செத்தல் மொளகா தாளிச்சு, தேங்காச் சொட்டு போட்டு, உப்பும் ஒறப்புமா. ஒரு நாளைக்கு அந்த மாதிரி செஞ்சு தாங்களேன்" என்றாள்.

"அடுத்த கிளினிக்ல பிரஷர் எறங்கியிருந்தா பாப்போம்."

"விண்ணப்பம் எழுதித் தரணுமா?" என்று சிரித்துவிட்டு, கிண்ணத்தில் இருந்ததைத் தின்று முடித்தாள்.

அந்தக் கிளினிக் நாள் வருவதற்குள், ஒரு காலையில் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் திறக்கவில்லை.

ஆகவே மைத்துனியிடம், "பக்கெட்ட நீ இலையில வச்சுக்க. கடலை நான் செய்றேன்" என்றேன்.

"அந்தக் கடலையா?" என்று அவள் முகம் சுளித்தாள்.

"இல்ல. ரயில்ல விக்கிற மாதிரி."

அவள் தேங்காய் உடைக்கப் போனாள்.

இரவு ஊறவைத்த கடலையைக் காலையில் அவித்தேன். கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் எல்லாம் தாராளமாகப் போட்டுத் தாளித்தேன். வீடே தும்மியது. "வாசம் தூக்குது அத்தான்" என்றாள் மைத்துனி. படையலுக்குச் சமைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. அந்த விதியும் எனக்குத் தெரியும். யாரும் ருசி பார்க்கவில்லை.

இலையில் சோறு கறி, சிப்ஸ், மிக்சர், நடுவில் கடலை. சூடம் காட்டி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகு அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. உள்ளே ஒருத்தி ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக, படித்தவன் நம்பக் கூடாத அளவுக்கு நம்பினேன்.

கதவைத் திறந்து எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். மைத்துனி முதலில் கடலையைத்தான் வாயில் போட்டாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"அத்தான், உப்புப் போடலியா?"

நானும் தின்று பார்த்தேன். போடவில்லை. கடுகுக்கும் மிளகாய்க்கும் நீண்ட கை மேல்தட்டுப் பக்கம் போகவேயில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அது பழகிய கை.

"திரும்பவும் தாளிச்சு வைக்கலாமா?" என்று அவளிடம் கேட்டேன். அதற்கு முன் எந்த நடைமுறையையும் நான் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

"படைச்சது படைச்சதுதான். கதவு தொறந்தாச்சே." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு, "வருசத் தெவசத்துக்குச் சரியா செஞ்சிரலாம் அத்தான்" என்றாள்.

பிள்ளைகள் சிப்ஸ் பக்கெட்டுகளைக் காலி செய்துவிட்டு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடலைத் தட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். மைத்துனி உப்புப் போத்தலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தின்றேன்.